தொழில் மாறுமுன் ஓர் ஆலோசனை

ஆலோசனை என்னும் சொல்லை, இனிச் செய்ய வேண்டுவதைக் குறித்துக் கலந்து பேசுதல் என்னும் பொருளிலேயே இன்று வழங்குகிறோம். “வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கலாமா? ஓர் ஆலோசனை சொல்லுங்கள்” என்று கேட்கிறோம். சமண நூல்களிலோ இச்சொல் நடந்து முடிந்ததை நோக்குகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தை ஒன்பது வகையாகக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது ஆலோசனை. செய்த பிழையை ஒளிக்காமல் குருவின் முன் எடுத்துரைத்தலே அது. துறவியர்க்கென வகுக்கப்பட்ட இம்முறை, தொழில் மாற எண்ணும் இல்லறத்தார் தம் கடந்த காலத்தை ஆராய்வதற்கும் பெரிதும் உதவும் என்பது நம் கருத்து.

தொழிலை மாற்றிக்கொள்வது குற்றமன்று. ஆனால் அதற்கு நாம் கூறும் காரணம் பெரும்பாலும் பிறரைப் பற்றியதாகவே இருக்கிறது. முதலாளி சரியில்லை, உடன் பணிபுரிவோர் சரியில்லை, ஊர் சரியில்லை. நாமும் இப்படிப் பேசியவரே. ஆரணியில் ஒரு நெல் மண்டியில் ஒன்பது ஆண்டுகள் கணக்கெழுதிய பின் அவ்வேலையைத் துறந்து நோட்டுப் புத்தகக் கடை வைத்தோம். ஏன் விட்டீர் என்று வினவியோர்க்கெல்லாம், உழைப்புக்கேற்ற மதிப்பில்லை என்று விடையளித்தோம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. இரண்டாம் ஆண்டு முடியுமுன் கடையை மூட நேர்ந்தது.

பகவதி ஆராதனை முதலிய நூல்கள் ஆலோசனையில் நேரும் பத்துக் குற்றங்களை எடுத்துரைக்கின்றன. பத்தையும் இங்கு விரிக்கப் புகவில்லை. பிறர் கண்டுவிட்ட பிழையை மட்டும் கூறி, காணாததை மறைப்பது திருஷ்டம். மேலதிகாரி கண்டித்த தவறு நம் நினைவில் நிற்கும். எவரும் அறியாமல் நாம் செய்துவந்த தவறு கணக்கிலேயே வராது. பெரும் பிழையைச் சொல்லிச் சிறியதை விடுவது பாதரம். சிறியதைச் சொல்லிப் பெரியதை விடுவது சூட்சுமம். நேர்முகத் தேர்வில் ‘உம் குறை யாது’ என்று கேட்டால், ‘அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்’ என்று விடையிறுக்கும் இளைஞர் இதில் வல்லவர்! குரு விதித்ததை அப்படியே ஏற்காமல், இது தகுமா என்று பிறரிடம் கேட்டுத் திரிவது பகுஜனம். விரும்பிய விடை கிடைக்கும்வரை உறவினர் வீடுகளில் ஏறி இறங்குவதும் அதுவேயன்றோ?

எல்லாவற்றினும் நுட்பமானது தத்சேவி என்பது. தம்மிடமுள்ள அதே குற்றத்தை உடைய ஒருவரை நாடி அவரிடம் சொல்வது அது. அவர் கடிந்துகொள்ளார் என்பது சொல்பவருக்குத் தெரியும். வேலையை வெறுப்பவர், வேலையை வெறுக்கும் நண்பரிடமே மனம் திறக்கிறார். நாம் அக்காலத்தில் யோசனை கேட்டதும், அதே மண்டியிலிருந்து ஓராண்டுக்கு முன் சினந்து விலகிய ஒருவரிடம்தான். அவர் நமக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து வாழ்த்தினார்.

குற்றத்தை மட்டும் தேடினால் ஆராய்ச்சி நிறைவுறாது. கற்றது எவ்வளவு, கல்லாதது எவ்வளவு என்றும் அளந்தறிதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு திருவாவடுதுறை ஆதீனத்தை விட்டுக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன பாடம் கேட்டீர் என்று அவரை வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் அடுக்கினார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அப்போது ஐயருக்கு இருபத்தைந்து வயது. அந்த நீண்ட பட்டியல் பயனற்றதாகத் தோன்றிய அந்நேரத்தை ‘என் சரித்திரம்’ நூலில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். பின்பு சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது அதன் சமயக் கருத்துகள் விளங்காமையால், அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற யாப்புப் பயிற்சியும் நினைவாற்றலும் ஏடுகளை ஒப்பிடுகையில் கை கொடுத்தன. 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பழைய கல்வி வீணாகவில்லை. போதாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அது பயன்பட்டது.

தொழில் மாற எண்ணுவோர், நாம் பணி செய்ததை அருகிலிருந்து கண்டவரும் நம்மைப் புகழ வேண்டிய தேவை இல்லாதவருமான ஒருவரைத் தேர்ந்து அவரிடம் சொல்வது நலம். ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நாம் மண்டியின் மூத்த கணக்கரை மிகப் பிந்தியே நாடினோம். கடை ஏன் நொடித்தது என்று புரியவில்லை என்றோம். கடன் கொடுத்ததை அன்றன்று எழுதினீரா என்று கேட்டார். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதியதைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

“இங்கும் நீர் அப்படித்தான் எழுதினீர். இரவில் நான் இருந்து உமது நாள்வழியைச் சரிசெய்துதான் பேரேட்டில் ஏற்றுவேன்” என்றார்.

ஒன்பது ஆண்டுகள் அவர் அதைச் செய்துவந்தது நமக்குத் தெரியாது.