வாத்து மந்தைகளில் பறவைக் காய்ச்சல்: பரவலை அளவிடும் முறை

பண்ணை வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் எந்த அளவிற்கு உள்ளது என்ற கேள்விக்கு, இறந்த பறவைகளை எண்ணி விடை கூறுவது வழக்கமாக இருக்கிறது. கோழிகளைப் பொறுத்தவரை இது பெரும் பிழையாகாது. வாத்துகளைப் பொறுத்தவரை இம்முறை நம்மை ஏமாற்றிவிடும்.

இந்நோயை உண்டாக்கும் இன்புளுயன்ஸா வைரஸின் இயற்கை இருப்பிடம் காட்டு நீர்ப்பறவைகளே. அவற்றின் குடலில் பெருகி, எச்சத்தின் வழியாக அது நீரில் கலக்கிறது. வாத்தும் இவ்வினத்தைச் சேர்ந்ததாகையால், பல வகை வைரஸ்களைத் தாங்கியும் நோயின் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. நன்கு மேய்ந்து, முட்டையிட்டுக்கொண்டே அது வைரஸை வெளியேற்றக்கூடும். எனினும் வாத்துகள் என்றும் தப்பிவிடும் என்று கொள்ளலாகாது. கேரளத்தின் குட்டநாட்டில் 2014-ல் எச்5என்1 வகையும், 2016-லும் 2021-லும் எச்5என்8 வகையும் வாத்து மந்தைகளை அழித்தன. வளர்ப்போர் பலர் பிழைப்பை இழந்தனர். இவை நோய் வெளிப்பட்ட காலங்கள். இடைப்பட்ட காலத்தில் வைரஸ் இருந்ததா, இல்லையா என்பதை இறப்புக் கணக்கு கூறாது.

மகாராஷ்டிரத்தின் நவாபூரில் 2006 பிப்ரவரியில் கோழிகளிடம் எச்5என்1 முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. அதன்பின் புனே நகரின் தேசிய வைராலஜி நிலையத்தார் 2006-07 வலசைப் பருவத்தில் மகாராஷ்டிரத்திலும் மணிப்பூரிலும் காட்டுப் பறவைகளோடு பண்ணைப் பறவைகளையும் பரிசோதித்தனர். 2009 முதல் 2011 வரை மேற்கு வங்காளத்தில் நடைபெற்ற கண்காணிப்பில், வீரியம் குறைந்த வைரஸ்கள் பண்ணைப் பறவைகளிடம் காணப்பட்டன. தேடியதனால் கிடைத்தவை இவை.

அங்ஙனமாயின் எத்தனை பறவைகளைப் பரிசோதிக்க வேண்டும்? பெரிய மந்தையில் பத்து சதவிகிதம் தொற்றுள்ளதாயின், ஒன்றையேனும் கண்டுபிடிக்க 95 சதவிகித வாய்ப்பைப் பெற 29 பறவைகள் தேவை. தொற்று ஐந்து சதவிகிதமாயின் 59. ஒரு சதவிகிதமாயின் 299. பரிசோதனை பிழையற்றது, பறவைகள் பாகுபாடின்றித் தெரிந்தெடுக்கப்பட்டவை என்பது இக்கணக்கின் நிபந்தனை. பத்து வாத்துகளைப் பார்த்து ‘தொற்று இல்லை’ என்று எழுதப்படும் அறிக்கையின் மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

ஆசிரியர்கள் இதைப் புளியங்கொட்டைகளைக் கொண்டே விளக்கலாம். நூறு கொட்டைகளுள் பத்திற்குச் சுண்ணாம்புப் புள்ளி இடுக. பானையிலிட்டு, பாராமல் ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்ப இட்டுக் குலுக்கி, மறுபடி எடுக்க வேண்டும். பத்து முறை எடுக்கும் மாணவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் புள்ளியுள்ள கொட்டை ஒன்றும் கிட்டாது. 29 முறை எடுப்போருள் இருபதில் ஒருவருக்கே அந்நிலை நேரும். மாணவர்கள் இதை முதலில் நம்புவதில்லை. செய்து பார்த்தால் நம்புவர்.

ஒரே மந்தையிலிருந்து எடுத்த முப்பது மாதிரிகள் முப்பது மந்தைகளைக் குறிப்பனவல்ல. ஒன்றாய் நீந்தும் வாத்துகள் தொற்றையும் ஒன்றாகவே பெறும். ஆதலால் சிற்றூர்தோறும் பல மந்தைகளிலிருந்து சிலவாக எடுப்பது மேல். பின்தங்கி வரும் நலிந்த வாத்துகளை மட்டும் பிடிப்பது எளிதாயினும், அவ்வெண்ணைக் கொண்டு பரவலைக் கூறலாகாது. தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்து, குளிர்பெட்டியில் தாமதமின்றி அனுப்புக. இரத்த நீரில் காணும் எதிர்ப்பொருள் முன்பு நேர்ந்த தொற்றைக் காட்டுமேயன்றி, இன்று வைரஸ் வெளியேறுவதைக் காட்டாது. இவ்விரண்டையும் அறிக்கையில் தனித்தனிப் பத்திகளில் எழுத வேண்டும்.