மைக்ரோபிராசசரின் காப்புரிமை யாருடையது?

நம்பிக்கை: மைக்ரோபிராசசர் இன்டெலின் கண்டுபிடிப்பு. ஆகவே அதன் காப்புரிமையும் இன்டெலுடையது.

உண்மை: இன்டெல் 4004 சிப் 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்துக் கால்குலேட்டருக்காகப் பிறந்தது அது. 1974-இல் இன்டெல் பொறியாளர்கள் டெட் ஹாஃப், ஸ்டான்லி மேசர், ஃபெடரிகோ ஃபஜின் மூவரின் பெயரில் 3,821,715 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வந்தது. பல சிப்கள் கொண்ட கணினிக்கான நினைவக அமைப்பு என்பதே அதன் தலைப்பு. செயலிச் சிப்பும் நினைவகச் சிப்களும் எப்படி இணைந்து இயங்கும் என்பதைத்தான் அது உரிமை கோருகிறது. செயலியை ஒரே சிப்பில் அடக்கலாம் என்ற எண்ணம் முழுவதையும் அது வளைத்துப் போடவில்லை. 4004-இன் தர்க்க வடிவமைப்பில் பெரும்பங்காற்றிய மசதோஷி ஷிமாவின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நம்பிக்கை: முதலில் விண்ணப்பித்தவருக்கே வெற்றி.

உண்மை: அமெரிக்கப் பொறியாளர் கில்பர்ட் ஹயட் 1970 டிசம்பரில் விண்ணப்பித்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸைச் சேர்ந்த கேரி பூனின் விண்ணப்பம் 1971 ஜூலையில்தான் போனது. தொடர் விண்ணப்பங்களாக இழுத்துக்கொண்டே போன ஹயட்டின் கோரிக்கைக்கு 1990-இல் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் உலகமே மைக்ரோபிராசசரில் ஓடிக்கொண்டிருந்தது. காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு செல்லும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். பெரிய மின்னணு நிறுவனங்கள் அவருக்கு உரிமத்தொகை கட்டத் தொடங்கின.

ஆனால் 1996-இல் காப்புரிமை அலுவலகம் பூனுக்கே முன்னுரிமை என்று முடிவு செய்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹயட் பின்னாளில் உரிமை கோரிய ஒற்றைச் சிப் கணினியை அவருடைய 1970 விண்ணப்பம் போதிய அளவு விவரிக்கவில்லை என்பதே காரணம். ஏழு மாத முந்துதல் அங்கே உதவவில்லை.

நம் மாணவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘இந்தச் செயலி வேகமாக இயங்கும்’ என்று எழுதினால் அது ஆசை மட்டுமே. எந்தப் பதிவகத்திலிருந்து எது எடுக்கப்படுகிறது, எந்தக் கடிகாரத் துடிப்பில் எந்தச் சமிக்ஞை போகிறது, அடுத்த கட்டளை எது என்ற கணிப்பு தவறினால் செயலி எப்படிப் பின்வாங்குகிறது என்று எழுத வேண்டும். துறை அறிந்த ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்க்க முடிய வேண்டும். விண்ணப்பித்த பிறகு புது விஷயத்தை அதற்குள் நுழைக்க முடியாது. வேறு வகையில் அதே பலன் கிடைக்குமென்றால் அதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நம்பிக்கை: சிப்பைத் தயாரித்துக் காட்டிய பிறகே விண்ணப்பிக்கலாம்.

உண்மை: தேவையில்லை. முழுமையான விவரணை போதும்.

நம்பிக்கை: காப்புரிமை வாங்கினால் சிப்பின் வரைவடிவமும் காக்கப்படும்.

உண்மை: இந்தியக் காப்புரிமைச் சட்டம் சிப்பின் வரைவடிவத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. அதற்கென 2000-இல் வந்த தனிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு உண்டு.

நம்பிக்கை: மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம்.

உண்மை: அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. நீங்கள் வாசித்த கட்டுரையே உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாகிவிடும். விண்ணப்பத் தேதியைக் கையில் வாங்கிக்கொண்டு மேடை ஏறுங்கள்.