கையொப்பத்துக்கு மேலே இரண்டு சொற்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதும் தேவை அடிக்கடி ஏற்படுகின்றது. வங்கி, தொழில் விண்ணப்பம், வெளிநாட்டுத் தூதரகம் என அதன் தேவைகள் பல. விடயத்தைக் கவனமாக எழுதுவோரும் கையொப்பத்துக்கு மேலே வரும் இரண்டு சொற்களில் தடுமாறுவதுண்டு.

"யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி" என்பதா, "யுவர்ஸ் சின்சியர்லி" என்பதா? தமிழில் இரண்டுக்கும் "தங்கள் உண்மையுள்ள" என்றே எழுதிப் பழகியதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நிலவுகின்றது. இலங்கையில் வழங்கும் பிரித்தானிய மரபு அவற்றை வேறுபடுத்துகின்றது.

விதி எளியது. தொடக்கமே முடிவைத் தீர்மானிக்கின்றது. பெயர் கூறாமல் "டியர் சேர்" அல்லது "டியர் மேடம்" என்று தொடங்கினால் முடிவு "யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி". "டியர் மிஸ்டர் கந்தையா" எனப் பெயர் கூறித் தொடங்கினால் முடிவு "யுவர்ஸ் சின்சியர்லி". அமெரிக்காவுக்கு எழுதும்போது இரு வகைக்கும் "சின்சியர்லி" பொருந்தும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். "யுவர்ஸ்" என்பதன் முதலெழுத்து மட்டுமே பெரிய எழுத்து. அடுத்த சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். "யுவர்ஸ்" என்பதில் எஸ் எழுத்துக்கு முன் மேற்குறி இடுவது பிழை. "ஃபெயித்ஃபுலி" என்பதில் இரண்டு எல் வரும். "சின்சியர்லி" என்பதில் எல் எழுத்துக்கு முன் ஈ எழுத்தை விடலாகாது.

பிரித்தானியர் காலத்து அரச கடிதங்கள் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரோடு முடிந்தன. இன்று அது தேவையில்லை. மரியாதை வேறு, தாழ்ந்து நிற்றல் வேறு.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. தமிழில் தெளிவாக எழுதக்கூடிய தாயொருவர், அரச அலுவலகம் ஆங்கிலத்தையே ஏற்கும் என்றெண்ணி அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினால் அவரது முறைப்பாடே விளங்காமற் போகலாம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள கொழும்பு போன்ற பிரதேசங்களிலும் அரச அலுவலர்களுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதவும், அம்மொழியில் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமையுண்டு.

எனவே எந்த மொழியில் தன் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியுமோ அந்த மொழியில் எழுதுவதே சிறந்தது. ஆங்கிலத்தில் எழுதுவதாயின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று. எழுதியவரை நேரில் காணுமுன் பிறர் காண்பது அவரது கடிதத்தையே.