காரியாலயக் கணினியும் ஊழியரின் அந்தரங்கமும்

காரியாலயத்திலுள்ள கணினி நிறுவனத்தின் சொத்து. அதிலிருந்து ஓர் ஊழியர் தன் குடும்பத்தாருக்கு எழுதும் செய்தி யாருடையது? உயர்தரம் முடித்துத் தொழிலுக்குச் செல்லவிருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

கண்காணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். காரியாலயக் கணினிகள் பெரும்பாலும் ஒரு பொது வாயிலினூடாகவே இணையத்துடன் இணைகின்றன. அங்குள்ள தீச்சுவர், நிறுவனம் விலக்கிய தளங்களைத் தடுக்கும். எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குச் சென்றது என்பதும் அங்கே பதிவாகலாம். கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால் திரையில் தெரிவதும் நாம் தட்டெழுதுவதும்கூடப் பதிவாகலாம்.

இதற்குத் தொழில்தருநரிடம் நியாயமான காரணங்கள் உண்டு. வைரஸ் புகலாம், வாடிக்கையாளரின் தகவல்கள் வெளியே செல்லலாம், சம்பளம் வழங்கப்படும் நேரம் வீணாகலாம். வேலை நேரம் ஓர் அமானிதம் என்பதை நாமும் மறுக்க முடியாது.

அப்படியாயின் அவர் எல்லாவற்றையும் வாசிக்கலாமா? ருமேனியாவில் ஒரு பொறியியலாளர், நிறுவனத்தின் வேண்டுகோளின்படி வாடிக்கையாளருடன் உரையாட யாஹூ மெசெஞ்சர் கணக்கொன்றை ஆரம்பித்தார். கணினியைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கு விதி. 2007 ஜூலை 5 முதல் 13 வரை நிறுவனம் அவரது உரையாடல்களைப் பதிவு செய்தது. "தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்தினேன்" என்று அவர் கூறியபோது, 45 பக்கப் பிரதியை அவர்முன் வைத்தது. அதில் சகோதரருடனும், தான் மணக்கவிருந்த பெண்ணுடனும் அவர் பேசியவையும் இருந்தன. அவர் வேலை நீக்கப்பட்டார்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை சென்றது. 2016 இல் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. ஆனால் 2017 செப்டம்பர் 5 இல் அந்நீதிமன்றத்தின் பேராயம் 11 இற்கு 6 என்ற பெரும்பான்மையால் அவரது உரிமை பாதுகாக்கப்படவில்லை எனத் தீர்த்தது. கண்காணிப்பையே அது தடை செய்யவில்லை. ஊழியருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா, கண்காணிப்பு எந்த அளவுக்குச் சென்றது, தகுந்த காரணம் இருந்ததா, இதைவிட மென்மையான வழி இருந்ததா என்று ஆராய வேண்டும் என்றது.

எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தகவல் திரட்டுவோருக்குத் தெளிவான நோக்கமும் வெளிப்படைத்தன்மையும் வேண்டும் என்கிறது.

இவை நமக்குப் புதியவை அல்ல. துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று சூரா அல்ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதி கேட்டு, ஸலாம் கூறாமல் பிறர் வீட்டினுள் நுழைய வேண்டாம் என்று சூரா அந்நூரின் 27 ஆம் வசனம் போதிக்கிறது. கண்காணிப்புக்கு முன் கொடுக்கப்படும் அறிவித்தலும் கதவைத் தட்டுவது போன்றதே.

ஆகவே, சகோதரிகளே, வேலையில் சேரும் நாளில் சம்பளத்தை மட்டும் கேட்காமல் கணினிப் பாவனை விதிகளையும் கேட்டு வாசியுங்கள். சொந்த விடயங்களைச் சொந்தத் தொலைபேசியில், ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை நம்மில் ஒருவர் தொழில்தருநரானால், பார்ப்பதற்கு முன் சொல்லிவிட்டுப் பார்ப்போம்.