சேமிப்பகம் கட்ட வரும் தம்பி தங்கைகளுக்கு

திறந்த மூலத்தில் ஒரு நாஸ், அதாவது வலையில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி, செய்ய வருகிறீர்கள். அடுத்தவர் வீட்டுப் படங்களும் கடைக் கணக்குகளும் உங்களை நம்பி இருக்கப் போகின்றன. அந்த அக்கறையில் சொல்கிறேன்.

1. எல்லாவற்றையும் புதிதாக எழுதக் கிளம்பாதீர்கள். 2005-இல் ஃப்ரீநாஸ் என்ற நாஸ் மென்பொருளைத் தொடங்கிய ஒலிவியே கோஷார்-லாபே, மோனோவால் என்ற ஃபயர்வாலை அடித்தளமாக எடுத்துக்கொண்டார். விண்டோஸ் கணினிகளோடு பேச சாம்பா என்ற மென்பொருள் இருக்கிறது. உங்கள் வேலை, இவற்றை ஒழுங்காகக் கோப்பது.

2. இயங்குதளம் ஒரு வட்டில், தரவு வேறு வட்டுகளில். அமைப்புகள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கட்டும்.

3. செத்த வட்டு உடனே தெரிந்துவிடும். கெட்டுப்போன பிட்டை நல்லதென்று கொடுக்கும் வட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்; பல வருடம் கழித்துக் குழந்தையின் படத்தைத் திறக்கும்போது பாதிப் படம் இருக்காது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்து 2005-இல் திறந்த மூலமாக வந்த இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் போட்டு, அதை அந்தப் பிளாக்கில் வைக்காமல் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. படிக்கும்போது செக்சம் ஒத்துவராவிட்டால் நல்ல பிரதியிலிருந்து எடுத்துத் திருத்தியும் விடும். ஆனால் படித்தால்தானே தெரியும்? எனவே எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் மாதம் ஒருமுறை தானாக ஓடட்டும். பயனர் நினைவு வைத்து ஓட்ட மாட்டார்.

4. பெரிய வட்டுகளுக்கு, ஒரு வட்டு போனால் மட்டும் தாங்கும் ஒற்றைப் பாரிட்டி போதாது. போன வட்டின் தரவைப் புது வட்டில் மீட்டெழுதும் ரீபில்டு நாள்கணக்கில்கூட நீளும். அந்நேரம் மிச்ச வட்டுகளெல்லாம் ஓயாமல் படிக்கப்படும். இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. இரண்டு போனாலும் தாங்கும், இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்2 போடுங்கள். ஓடு வேய்ந்ததுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் எஸ்எம்ஆர் வட்டுகளைச் சேர்க்காதீர்கள்; ரீபில்டு இன்னும் இழுக்கும்.

5. இப்படி வட்டுகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறி அழித்த கோப்பு எல்லா வட்டிலும் சேர்ந்தே அழியும். அதற்கு, அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்; தீக்கும் திருட்டுக்கும் வேறு ஊரில் ஒரு பிரதி. முகப்புத் திரையில் ‘காலி இடம்’ கீழே போகட்டும், ‘கடைசி பேக்கப் எப்போது’ மேலே வரட்டும்.

6. வேகத்துக்காகப் பாதுகாப்பை விற்காதீர்கள். ஜிகாபிட் வலையில் எப்படியும் நொடிக்கு 110 மெகாபைட் அளவில்தான் போகும்.

7. வெளியிடும் முன், ஓடும் பெட்டியில் ஒரு வட்டின் கேபிளை உருவுங்கள். திரையில் வரும் செய்தியைக் கணினி பழக்கமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் நல்ல வட்டைக் கழற்றப் போனால் செய்தியை மாற்றி எழுதுங்கள். பழுதான வட்டின் சீரியல் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.