இரு நிற ரோசாவை ஒட்டிப் பெருக்குவோம்

வீட்டுத்தோட்டம் என்றதும் கத்தரி, மிளகாய், முருங்கை, பொன்னாங்காணி என்பனவே எமது நினைவுக்கு வரும். அது சரியே. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் கொட்டில் வாசலிலும் ஒரு பழைய வாளியில் ஒரு பூமரம் நிற்பதை நாம் பல இடங்களிலும் கண்டிருக்கிறோம். பெண்கள் தங்கள் குடிநீரில் ஒரு பங்கை அதற்கு ஊற்றுகிறார்கள். நிற்கத்தான் போகிறது என்றால், அந்த வாளியில் நாலு பணம் தரக்கூடிய ஒன்று நிற்கட்டும் என்பதே எமது எண்ணம். ஆகவே இம்முறை இரு நிற ரோசாவைப் பற்றிப் பார்ப்போம்.

ஒரே இதழில் இரண்டு நிறம் உள்ள ரோசாவையே இரு நிற ரோசா என்கிறோம். இவற்றுள் உலகப் புகழ் பெற்ற ஒன்று "பீஸ்", அதாவது சமாதானம். மஞ்சள் இதழின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் படர்ந்திருக்கும். பிரான்சு நாட்டின் பிரான்சிஸ் மெய்லாண்ட் என்பவர் 1935இல் செய்த கலப்பிலிருந்து இது உருவானது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் இதன் ஒட்டுத்தடிகள் ஜேர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. போரினால் தொடர்பு அறுந்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பெயர் வைத்ததால் ஒரே பூவுக்கு நான்கு பெயர்கள் வந்தன. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29இல் "பீஸ்" என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் நிற்கும் அத்தனை பீஸ் மரங்களும் அந்த ஒரே கன்றின் கண்களிலிருந்து வந்தவையே. தோட்டத்தை விட்டுவிட்டு ஓடினாலும் ஒரு சாண் தடியில் இனத்தைக் காப்பாற்றலாம் என்பதை எமது மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இரு நிற ரோசாவை விதையிலிருந்து பெற முடியாது. விதை முளைத்தால் வருவது வேறு பூ. படத்தைக் காட்டி "இரு நிற ரோசா விதை" என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஒட்டுக்கன்று ஒன்றே ஒன்று வாங்குங்கள். மற்றவற்றை நீங்களே ஒட்டலாம்.

"நிறம் வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்பதும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த "டபிள் டிலைட்" என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்பாலேடு போன்ற இதழ், ஓரம் சிவப்பு, நல்ல வாசனை. வெயில் பட்ட இடமே சிவக்கும். நிழலில் வைத்தால் பூ வெளிறியே இருக்கும். அதற்காக எமது பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுக்க விட்டால் இதழ் கருகும். கிழக்குப் பக்கம் வைத்துக் காலை வெயில் படவிட்டு, பிற்பகலில் வேலியின் நிழல் விழச் செய்யுங்கள். மாரி மழை ஓய்ந்து குளிர் இருக்கும் தை, மாசியில்தான் பூவும் பெரிதாக இருக்கும், நிறமும் நன்றாகப் பிடிக்கும்.

இருக்கும் காணி உங்களுடையது அல்ல என்றால் வாளியிலோ உரப்பையிலோ நடுங்கள். அடியில் துளைகள் இட்டு, இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மணல் சேர்த்து நிரப்புங்கள். ஒட்டு இருக்கும் முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலங்களில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைக் காணலாம். அங்கே இரும்புச்சத்து வேருக்கு எட்டுவதில்லை. கூட்டெருவைக் கூட்டுங்கள், சாம்பல் போடாதீர்கள். உவர்க் கிணற்று நீரும் ரோசாவுக்கு ஒத்துவராது. அரிசி கழுவிய நீர் நல்லது, சவர்க்கார நீர் வேண்டாம். அடியில் பொச்சுமட்டைத் துண்டுகளைப் பரப்பினால் தண்ணீர் மிச்சம்.

இனி ஒட்டும் முறை. வேலியோரம் நிற்கும் உரமான நாட்டு ரோசாவின் தடிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் பைகளில் ஊன்றுங்கள். வேர்விட்டுப் பென்சில் தடிப்பு வந்ததும் இதுவே ஒட்டுக்கட்டை. ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்போதுதான் பட்டை இலகுவாகக் கழரும். இரு நிற ரோசாவில் பூத்து முடிந்த கிளையை எடுத்து, இலைகளை வெட்டி, காம்புகளை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு காம்பின் மூலையிலும் ஒரு கண் இருக்கும். அதைச் சுற்றி ஓர் அங்குல நீளப் பட்டையோடு சேர்த்துக் கூரிய பிளேட்டினால் சீவி எடுக்க வேண்டும். ஒட்டுக்கட்டையின் அடிப்பகுதியில், மண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, ஆங்கில "ரி" எழுத்துப்போலப் பட்டையை மட்டும் கீறி, இரு புறமும் மெல்லத் திறந்து, கண் மேலே பார்க்கும்படி உள்ளே செருகுங்கள். பொலித்தீன் நாடாவினால் இறுக்கிச் சுற்றுங்கள். கண் மட்டும் வெளியே தெரியட்டும். சீவிய கண்ணைக் காயவிடக் கூடாது. இதில் கைவேகமே முக்கியம். முதலில் வேலித்தடிகளில் பத்துத்தரம் வெட்டிப் பழகுங்கள்.

இரண்டு வாரத்தின் பின் காம்பைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் கண் பிடித்துவிட்டது. சுருங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் செத்துவிட்டது, மறுபக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம். பிடித்தால் மேலும் ஒரு வாரம் பொறுத்து, நாடாவை அவிழ்த்து, கண்ணுக்கு மேலே ஒட்டுக்கட்டையை வெட்டிவிடுங்கள்.

அதன் பின்னும் கவனம் தேவை. ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள். "இரண்டு வருடத்தில் பூ நாட்டு ரோசாவாக மாறிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். பூ மாறவில்லை. கீழிருந்து வளர்ந்த கிளை, மேலே இருந்ததைக் கொன்றுவிட்டது.

இலையில் கறுப்புப் புள்ளி கண்டால் அந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள். இலை நனையாமல், காலையில் அடியில் மட்டும் தண்ணீர் விடுவதே பாதி மருந்து.

பூவை விற்றுப் பிழைக்கலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். எமது வெப்பத்தில் நுவரெலியாப் பூவோடு போட்டியிட முடியாது. மரக்கறிக்குரிய தண்ணீரை ரோசாவுக்குத் திருப்பவும் வேண்டாம். ஆனால் பூத்து நிற்கும் ஒட்டுக்கன்றைப் பையோடு சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் உண்டு. முதலீடு ஒரு கன்றும் ஒரு பிளேட்டும் மட்டுமே.

"நாளைக்கு ஊருக்குப் போய்விடுவோம், இப்போது ஏன் நடுவான்" என்பவர்களும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, தற்காலிகம் என்று எண்ணிய இடங்களிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நடுங்கள். போகும் நாளில் பையைத் தூக்க இடமில்லை என்றால், பூத்து முடிந்த கிளைகளில் நான்கு தடிகளை வெட்டி, இலை நீக்கி, ஈரத்துணியில் சுற்றி, வாழை மடலுக்குள் வைத்துக் கட்டுங்கள். நிழலில் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் ஒட்டுக்கட்டை வேண்டும். எனவே காணி பார்க்க முதன்முதல் போகும்போதே நாட்டு ரோசாத் தடிகள் சிலவற்றை அங்கே ஊன்றிவிட்டு வாருங்கள்.