முரட்டுச் சேவல்

கோழி வளர்ப்பு ஏழைக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும். முட்டை கிடைக்கும். அவசரத்துக்குக் கோழியை விற்றுப் பணம் பார்க்கலாம். குஞ்சு வேண்டும் என்றால் சேவலும் வேண்டும். ஆனால் சில சேவல்கள் ஆளைக் கண்டால் பாயும். அவற்றை எப்படிச் சமாளிப்பது?

பாட்டியின் கவலை

தெலங்கானாவில் ஒரு கிராமம். அங்கே ஒரு பாட்டி பத்துப் பெட்டைக் கோழிகள் வளர்த்தார். கூடவே ஒரு அசீல் சேவலும் இருந்தது. அசீல் சண்டைக் குணம் உள்ள நாட்டு இனம்.

ஒரு நாள் நான்கு வயதுப் பேத்தி முற்றத்தில் விளையாடினாள். சேவல் அவள் மேல் பாய்ந்தது. கன்னத்தில் காயம். நல்ல வேளை, கண் தப்பியது.

"இதை இன்றைக்கே அறுத்துவிடுங்கள், அத்தை" என்றாள் மருமகள்.

அந்த வாரமே ஒருவர் வந்தார். "இதைப் பந்தயத்துக்குக் கொடுங்கள். நல்ல விலை தருகிறேன்" என்றார்.

பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் சொன்னது

"டாக்டரம்மா, குஞ்சிலே என் கையில் தீனி தின்றது. இப்போது ஏன் இப்படிப் பாய்கிறது?"

"பாட்டி, ஐந்து ஆறு மாதத்தில் சேவல் பருவத்துக்கு வரும். பெட்டைகளைக் காவல் காக்கத் தொடங்கும். பக்கத்தில் யார் வந்தாலும் எதிரி என்று நினைக்கும். குழந்தை உயரம் குறைவு. பயந்து ஓடும். ஓடினால் சேவல் தான் ஜெயித்ததாக நினைக்கும். மறுநாளும் துரத்தும்."

"கம்பால் நாலு போட்டேன் அம்மா."

"அடித்தால் அது சண்டை என்றே நினைக்கும். மூர்க்கம் கூடும்."

"பந்தயத்துக்குக் கொடுக்கலாமா?"

"கூடவே கூடாது, பாட்டி. விலங்குகளைச் சண்டைக்கு விடுவது குற்றம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2021 பிப்ரவரியில் நம் தெலங்கானாவில், ஜக்தியால் மாவட்டத்தில் என்ன நடந்தது? பந்தயச் சேவலின் காலில் கட்டிய கத்தி பட்டு ஒருவர் இறந்தே போனார்."

சேவலின் கோபத்தை அறிவது எப்படி?

கழுத்து இறகு சிலிர்க்கும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடக்கும். ஆளைப் பார்த்தபடி தரையைக் கொத்தும். பிறகு பாயும். காலில் உள்ள முள்ளால் குத்தும்.

என்ன செய்யலாம்?

1. சேவல் வந்தால் ஓடாதீர்கள். உதைக்காதீர்கள். முறத்தையோ கூடையையோ நடுவில் பிடியுங்கள். மெல்ல விலகுங்கள்.

2. குழந்தைகள் முற்றத்தில் இருக்கும்போது சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். சேவலைச் சீண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

3. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல் அதிகமானால் சண்டையும் அதிகமாகும்.

4. முள்ளின் நுனி கூராக இருந்தால் மழுக்கலாம். முள்ளின் உள்ளே ரத்தம் ஓடும். அதனால் கால்நடை மருத்துவமனையில் செய்வது நல்லது.

5. சாதுவான சேவலையே இனவிருத்திக்கு வையுங்கள். எதற்கும் அடங்காத சேவலைக் கறிக்கு விற்றுவிடலாம். பிள்ளையின் கண்ணை விடச் சேவல் பெரிதல்ல.

நாயும் பூனையும்

சேவல் நாய்க்குட்டியின் கண்ணைக் கொத்திவிடலாம். பெரிய நாய் சேவலைக் கடித்துக் கொன்றுவிடலாம். எனவே புது நாயைக் கட்டி வைத்தே கோழிகளைப் பழக்குங்கள். நாய்க்கும் கோழிக்கும் தனித்தனி இடத்தில் தீனி வையுங்கள். சிறு குஞ்சுகளைப் பூனை தூக்கிவிடும். அவற்றைப் பஞ்சாரத்தில் காப்பாற்றுங்கள்.

காயம் பட்டால்

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். மண், சாணி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சேவல் கொத்துவதால் வெறிநாய்க்கடி நோய் வராது. ஆனால் நாயோ பூனையோ கடித்தால் தடுப்பூசி கட்டாயம்.

பாட்டி முற்றத்தின் ஓரத்தில் மூங்கில் தட்டி கட்டினார். சேவலும் பெட்டைகளும் தட்டிக்கு அந்தப் பக்கம். பேத்தி இந்தப் பக்கம். பந்தயக்காரரை வெறுங்கையோடு அனுப்பினார். சாதுவான ஒரு சேவல் குஞ்சை அடுத்த சேவலாக வளர்க்கிறார்.

பேசிப் பாருங்கள்

1. சேவல் ஏன் குழந்தையை அதிகம் துரத்துகிறது?
2. கோபமான சேவலை அடித்தால் என்ன ஆகும்?
3. உங்கள் ஊரில் சேவல் பந்தயம் நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

எழுதிப் பழகுங்கள்

சேவல், பஞ்சாரம், முற்றம், தடுப்பூசி, சட்டம்